ஒன்றும் தெரியாதவர் தேவை

எங்கள் மையத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே தூசி வரக்கூடாதாம். தூசி புடவைக் கரையிலும் பேண்ட் மடிப்பிலும்தான் அதிகம் ஒட்டும். அவற்றைக் கழற்றச் சொல்ல முடியாது என்பதால் செருப்போடு நிறுத்திக்கொண்டார்கள். ஏசி போட்ட அந்த அறையில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஏழாவது இயக்குநர் அறையில் இருக்கிறது. அதற்கு மெரூன் வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருக்கிறோம். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜையன்று, உறையை எடுத்துவிட்டுச் சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் துடைத்து உறையை மாட்டிவிடுவோம்.

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய பங்களாவில் இயங்கும் இந்த இடத்துக்குத் தென்மண்டலக் கணிப்பொறிமொழி மையம் என்று பெயர். நான் இங்கே பதினோரு வருஷமாக ஸ்டெனோ. பெயர் ஜவஹர். கூட்டம் நடந்தால் மினிட்ஸ் எழுதுவது என் வேலை. யார் என்ன பேசினாலும், பேசாமல் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனாலும், "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று எழுதத் தெரிந்தால் போதும். ஆயிரம் தடவைக்கு மேல் எழுதியிருப்பேன்.

மையம் நடத்துவது ஒரே ஒரு மாலை வகுப்பு. கற்பிப்பது சி என்கிற மொழி. மனுஷர்கள் பேசுகிற மொழி இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிப் புரோகிராம் எழுதுகிற மொழி. சம்பளப் பட்டியலிலிருந்து ராக்கெட் வரை எதற்கு வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்று எங்கள் பாடப்புத்தகத்தின் பின்னட்டை சொல்கிறது. எப்படி எழுதுவது என்பதை இரண்டு அட்டைக்கும் நடுவே நாமாகத் தேட வேண்டும். 'சி மொழி: எளிய அறிமுகம்' என்பது தலைப்பு. 212 பக்கம். ஐந்து வாழ்த்துரை, இரண்டு அணிந்துரை, மணிச்சட்டத்தில் தொடங்கும் கம்ப்யூட்டர் வரலாறு, எண்களைப் பற்றித் தமிழர் கொண்டிருந்த ஞானம் எல்லாம் முடிந்து, முதல் புரோகிராம் 143ஆம் பக்கத்தில் வரும். அதுவரை நடந்து வந்து சேர்ந்த மாணவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1996 ஆகஸ்டில் தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நூறு பேர் பரீட்சை எழுதினால் தொண்ணூற்றொரு பேர் தோற்கிறார்கள், கோளாறு புத்தகத்தில்தான் இருக்க வேண்டும், உண்மையிலேயே ஒன்றும் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள் என்று ஒரு கூடுதல் செயலாளர் எழுதியிருந்தார். நியாயமான கடிதம். எங்களுக்கு நியாயமான கடிதம் வந்தால் உடனே ஒரு குழு போட்டுவிடுவோம்.

அறிமுக நூல் எளிமையாக்கக் குழு. தலைவர், இயக்குநர் முனைவர் சுவாமிநாதன். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷர், கடலை எண்ணெய் விலை ஏற்ற இறக்கத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். உறுப்பினர் செயலர், நிர்வாக அதிகாரி நீரஜா. விதிகளை எண்ணோடு சொல்லுவார். கலைச்சொல்லுக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் புலவர் ராஜரத்தினம். மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு வரி புரோகிராம் எழுதியதில்லை. நான்காவது ஆளாக மினிட்ஸ் எழுத உட்கார்ந்திருந்த நானும் எழுதியதில்லை. பாடம் நடத்த வரும் பகுதிநேர வாத்தியார்களுக்குத்தான் தெரியும். அவர்கள் ஆறு மாதத்தில் விசா வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கம்பி நீட்டிவிடுவார்கள்.

ஒன்றும் தெரியாத ஒருவருக்கு எங்கே போவது என்று முதல் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. அறைக்குள் நான்கு பேர் இருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசியில் பேப்பரில் விளம்பரம் கொடுப்பது என்று முடிவானது. நீரஜா வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதவியின் பெயர்: அங்கீகரிக்கப்பட்ட தொடக்கநிலையாளர். தகுதி: ஏதேனும் ஒரு பட்டம். அனுபவம்: ஒன்றும் தெரியாதவராகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள். இணைக்க வேண்டியது: விண்ணப்பதாரருக்குக் கம்ப்யூட்டர் பற்றி எதுவும் தெரியாது என்று பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவரின் சான்றிதழ். அனுபவம் எதற்கு என்று நான் மெதுவாகக் கேட்டேன். அனுபவம் கேட்காமல் அரசுப் பணியிடம் எதையும் நிரப்ப முடியாது என்று நீரஜா விதி எண்ணைச் சொன்னார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு டைப்ரைட்டிங் தெரிந்திருந்தது. எழுத்துக் கட்டைகள் இருக்கும் இடம் தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவர் ஆகமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொருவர், தெரியாதுதான், ஆனால் கற்றுக்கொள்ள ஆர்வம் இருக்கிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றாமவரிடம் பச்சை மை இல்லை. நான்காவதாக வந்தவள் ஜெனிதா. எங்கள் மாலை வகுப்பிலேயே படித்து, எங்கள் பரீட்சையிலேயே இரண்டு வருஷமும் தோற்றவள். ஒன்றும் தெரியாது என்பதற்கு எங்கள் முத்திரையே குத்திய மதிப்பெண் பட்டியல் இரண்டு வைத்திருந்தாள். இப்படி ஒரு அசைக்க முடியாத ஆவணத்தை நீரஜா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஜெனிதா பட்டினப்பாக்கத்துப் பெண். அம்மா தேசம்மா ரோட்டோரம் மீன் கடை போடுகிறவர். பெண்ணைக் கணக்கில் பி.எஸ்ஸி. படிக்க வைத்துவிட்டார். ஈக்காட்டுத்தாங்கலில் பம்புக்குப் பாகம் செய்கிற ஒரு பட்டறை, உமர் ஃபாரூக் என்பவருடையது. அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டு, மையத்தின் சர்ட்டிபிகேட்டோடு அடுத்த வருஷம் ஜூன் முதல் திங்கட்கிழமைக்குள் வந்தால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று ஜெனிதாவிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு தாள். தொடக்கநிலையாளராகச் சேர்ந்தால் தினம் கம்ப்யூட்டர் அறைக்குள் போகலாம், மூன்றாவது தடவை எப்படியாவது தேறிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தாள். இதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதவியின் பெயரை அவள் சரியாகப் படிக்கவில்லை என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் கூட்டங்கள் தொடங்கின. ஜெனிதா புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும். புரியாத இடத்தில் கை தூக்க வேண்டும். முதல் வாழ்த்துரையின் இரண்டாவது வாக்கியத்திலேயே தூக்கினாள். அது இயக்குநர் எழுதியது. பிறகு, புரியாத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ஒரு விளக்கம் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். அந்த விளக்கம் புரியவில்லை என்றாள். அதற்கு ஓர் அடிக்குறிப்பு போட்டார்கள். அடிக்குறிப்பில் வந்த சொற்களுக்குப் புலவர் ஓர் அகராதி சேர்த்தார். டிசம்பர் முடிவதற்குள் 212 பக்கம் 340 ஆகிவிட்டது. எளிமையாக்கும் பணி எதிர்பார்த்ததைவிட வேகமாக நடப்பதாகத் தில்லிக்கு எழுதினோம்.

இதற்கு நடுவே, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் ஜெனிதா, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டாள். மிஷினை எப்படி ஆன் செய்வது, புரோகிராமை எங்கே அடிப்பது, அடித்த பிறகு விடை எங்கே வரும். இந்த மூன்றும் புத்தகத்தில் எங்கேயும் இல்லையே என்றாள். அவள் இரண்டு தடவை தோற்றதே மூன்றாவது கேள்வியில்தான். பரீட்சையில் ஒரு எழுத்து பிசகாமல் அடித்து, ஓட்டுவதற்கான கட்டைகளை அழுத்தினால், திரை ஒரு முறை சிமிட்டிவிட்டுப் பழையபடி நீலமாக நிற்கும். விடை எதுவும் தெரியாது. பரீட்சை அதிகாரி 'விடை இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதோ பாரும்மா, நாம சொல்லிக்குடுக்கறது பாஷை. ஆன் பண்றது, ஆஃப் பண்றதெல்லாம் மெக்கானிக் சமாசாரம். எங்காத்துல ஃபிரிட்ஜ் இருக்கு, அதை எப்படி ஆன் பண்றதுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் அதுலேர்ந்து ஜலம் எடுத்துக் குடிச்சிண்டுதானே இருக்கேன்?"

நீரஜாவும் ஆமோதித்தார். மின் இணைப்பு தொடர்பான எதுவும் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது, மொழி நூலில் வந்தால் அதிகார வரம்பு மீறல் ஆகும் என்றார். புலவர், மாணவன் கொஞ்சம் கஷ்டப்பட்டால்தான் மொழி மேல் மரியாதை வரும் என்றார். நான் 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜெனிதா கம்ப்யூட்டர் அறையில் நீலத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குப்பன் அங்கே கடைநிலை ஊழியர். ஏசி போடுவது, மிஷினைத் தட்டி எழுப்புவது, செருப்புக்குக் காவல் இருப்பது எல்லாம் அவர்தான். வாத்தியார்கள் வகுப்பில் சொல்லாமலே செய்வதைப் பத்து வருஷமாகப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். நான் ஒரு கோப்பு வாங்கப் போய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஜெனி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"ஓடவே மாட்டேங்குதுண்ணே. சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"அது ஓடிட்ச்சும்மா. கண்ணு சிமிட்டுச்சு பாரு, அப்பவே ஓடிட்ச்சு. விடை பின்னால நின்னுகினு கீது. ஆல்ட்டப் புட்ச்சுகினு எஃப் அஞ்ச அமுக்கு."

அமுக்கினாள். நீலம் மறைந்து கறுப்புத் திரை வந்தது. அதில் அவள் அடித்த கணக்கின் விடை இருந்தது. சரியான விடை. ஜெனிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அப்படியானால் ரெண்டு வருஷமும் நான் பாஸ்தானே அண்ணே என்று கேட்டாள். குப்பன் மற்ற மிஷின்களை அணைக்கப் போனார். அவளுடைய இரண்டு மதிப்பெண் பட்டியலையும் டைப் அடித்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வழி தெரிந்துவிட்டதால் தானே அடித்துப் பார்த்து, தப்பு வந்தால் மாற்றி, மறுபடி ஓட்டி, ஒன்றரை மாதத்தில் பட்டறைக்குச் சரக்கு இருப்புப் பட்டியல் போடும் அளவுக்கு வந்துவிட்டாள். பொங்கல் கழிந்து ஒரு நாள் நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, நீல மையில் ஏழு வரி எழுதினாள். எந்த சுவிட்சை முதலில் போடுவது, என்ன அடித்தால் நீலத் திரை வரும், எதை அழுத்தினால் ஓடும் என்று வரிக்கு ஒன்று. ஏழாவது வரி, 'திரை கண்ணைச் சிமிட்டும். பயப்படாதே. விடை பின்னால் இருக்கிறது' என்று தொடங்கி, அந்த இரண்டு கட்டைகளின் பெயரோடு முடிந்தது. குப்பன் அதைச் செருப்பு விடும் இடத்துக்கு மேலே, கதவில் பசை போட்டு ஒட்டினார். மாலை வகுப்பு மாணவர்கள் ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறுமையுமாக நின்று அதை எழுதிக்கொண்டார்கள். அந்த வாரத் தேர்வில் முப்பது பேரில் இருபத்தாறு பேருக்கு விடை வந்தது.

இப்படி ஒரு அசம்பாவிதம் மையத்தில் நடந்ததே இல்லை. உடனே அவசரக் கூட்டம் போட்டார்கள். நீரஜா ஒரு குறிப்பு சமர்ப்பித்தார்: 'தொடக்கநிலையாளர் அறிவு பெற்றுவருவதாகத் தெரியவருகிறது. இது பணி நியமன நிபந்தனைக்கு முரணானது.' யோசித்துப் பார்த்தால் விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஒன்றும் தெரியாதவர் என்றுதான் பதவி. தெரிந்துகொண்டால் பதவி காலி. பதவி காலியானால் புத்தகத்தைச் சோதிக்க ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் தில்லிக்கு என்ன பதில் சொல்வது?

மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. புத்தகம் வெளியாகும்வரை ஜெனிதா கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையக்கூடாது. ஒருவரே மாணவராகவும் தொடக்கநிலையாளராகவும் இருக்க முடியாது என்பதால் மாணவர் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் நீக்கப்படும். மேலும், திங்கள்தோறும் காலையில், 'எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது என்று உறுதி கூறுகிறேன்' என்று அவள் கையெழுத்திட வேண்டும். கதவில் இருந்த தாளைச் சுரண்டி எடுத்து, 'ஆசிரியர் பெயர் அறியப்படாத ஆவணம்' என்று கோப்பில் சேர்த்தோம். நான்தான் சுரண்டினேன்.

ஜெனிதா கையெழுத்துப் போட மறுத்தாள். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என்னை மறுபடி மாணவியாகச் சேர்த்துப் பரீட்சை வையுங்கள் என்றாள். இயக்குநர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, புத்தகம் மார்ச்சில் வந்துவிடும், வந்த மறுநாளே உனக்கென்று ஸ்பெஷல் பரீட்சை வைத்துச் சர்ட்டிபிகேட் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஜூன் வரை காலம் இருக்கிறதே என்று அவள் ஒத்துக்கொண்டாள். ஒவ்வொரு திங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

மார்ச்சில் புத்தகம் வரவில்லை. காரணம் முதல் புரோகிராம்.

முதல் புரோகிராம் உலகத்துக்கு ஒரு வணக்கம் சொல்லித் தொடங்குவது இந்தத் தொழிலில் வழக்கமாம். பழைய புத்தகத்திலும் ஒரே வரியில் அப்படித்தான் இருந்தது. புலவர்தான் அதைக் கவனித்தார். எடுத்த எடுப்பில் உலகத்தை வணங்குவது சபை மரபு இல்லை என்றார். மேடையில் யார் பேசினாலும் தலைவர் அவர்களே, முன்னிலை வகிப்பவர் அவர்களே என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தானே பொதுமக்களிடம் வருகிறோம்? உலகம் என்பது பொதுமக்கள். அது கடைசியில் வர வேண்டும்.

இயக்குநருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தில்லி கூடுதல் செயலாளர் பெயர் முதலில் சேர்ந்தது. பிறகு இணைச் செயலாளர், அதற்குப் பிறகு இயக்குநர், அதற்குப் பிறகு குழு. அச்சகத்தார் பெயர் வேண்டும் என்றார் புலவர். அவர் மைத்துனர் அச்சகம் வைத்திருந்தார். இரண்டு துணை இயக்குநர்களில் யார் முன்னால் வருவது என்பதற்கு ஏப்ரல் முழுவதும் போயிற்று. பணி மூப்புப் பட்டியல் பார்த்தார்கள், பிறந்த தேதி பார்த்தார்கள், கடைசியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பது தெரிந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டில் பின்னால் போனவர், விழாப் பந்தல்காரரையாவது எனக்கு முன்னால் போடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்ததால் பந்தல்காரரும் ஒருவர் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து அவர் பெயரும் சேர்ந்தது. ஆக நாற்பத்தொரு 'அவர்களே', நாற்பத்திரண்டாவதாக உலகம். பகுதிநேர வாத்தியார் ஒருவர் அதை அடித்துக் கொடுத்துவிட்டு விசா நேர்காணலுக்குப் போய்விட்டார். 486 பக்கத்தில் புத்தகம் தயாரானது. முதல் புரோகிராம் 317ஆம் பக்கத்தில் தொடங்கி 319இல் முடிந்தது.

மே 28, மயிலாப்பூரில் ஒரு சபா ஹாலில் வெளியீட்டு விழா. மேடையில் பதினெட்டு நாற்காலி. முன்வரிசையில் மிச்சப் பேர்கள். மேடை ஓரத்தில் ஒரு தனி நாற்காலியில், கழுத்தில் 'தொடக்கநிலையாளர்' என்ற அட்டையோடு ஜெனிதா. நடுவில் மேஜைமேல் கம்ப்யூட்டர், பின்னால் வாடகைப் புரொஜக்டர் காட்டும் வெள்ளைத் திரை. குப்பன் வந்து மிஷினை உயிர்ப்பித்தார். கடைநிலை ஊழியர் மேடையில் நிற்கக்கூடாது என்று நீரஜா அவரை உடனே இறக்கிவிட்டார்.

இயக்குநர் பேசினார். மேடை ஏறினால் அவருக்கு மயிலாப்பூர்ப் பேச்சு போய் அச்சுத் தமிழ் வந்துவிடும்.

"இந்த நூலை நான் இத்துடன் மூன்றாவது முறையாக வெளியிடுகிறேன். ஒரு முறைகூட இதைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை. அவ்வளவு எளிமையான நூல். தெரியாதவர்களுக்காக எழுதப்பட்ட நூல் இது. தெரிந்தவர்கள் ஒருவர்கூட இதில் தலையிட நாங்கள் இடம் கொடுக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும், குத்துவிளக்கு ஏற்றுவதற்குப் பதிலாகத் தில்லி கூடுதல் செயலாளர் முதல் புரோகிராமை ஓட்டித் தொடங்கிவைப்பார் என்று அறிவித்தார்கள். ஓட்டுவதற்கு எந்த இரண்டு கட்டை என்று தெரிய அவற்றின்மேல் குங்குமம் வைத்திருந்தோம். அவர் அமுக்கினார். திரை ஒரு முறை சிமிட்டியது. மறுபடி நீலமாக நின்றது. எல்லோரும் கைதட்டினோம். அவர் தன் பெயருக்காகத் திரையைப் பார்த்தபடி நின்றார். கைதட்டல் தானாகக் குறைந்து நின்றது.

உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, பெரிய புரோகிராம் அல்லவா என்றார் இயக்குநர். புலவர் ஒரு செய்யுள் சொல்லிச் சமாளித்தார். நீரஜா விதிப் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. அப்போது ஜெனிதா எழுந்து வந்து, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப் ஐந்தை அமுக்கினாள்.

பெயர்கள் வந்தன. ஆனால் ஒரு திரையில் இருபத்துச் சொச்சம் வரிதான் நிற்கும். முன்னால் வந்த வரிகள் மேலே ஏறிப் போய்விடும். இதுவும் புத்தகத்தில் இல்லை. ஆகவே கூடுதல் செயலாளர், இணைச் செயலாளர், இயக்குநர், குழு என்று மரியாதைக்குரிய எல்லோரும் கூரைக்கு மேலே போய்விட்டிருக்க, மயிலாப்பூர் மக்கள் முன்னால் அச்சகத்தாரும் பந்தல்காரரும் மைக்செட்காரரும் உலகமும் பிரகாசமாக நின்றார்கள். கூட்டத்தில் இருந்த பந்தல்காரர் எழுந்து கும்பிட்டார்.

கூடுதல் செயலாளர் தன் பெயர் எங்கே என்று கேட்டார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஜெனிதா அவரிடம், உங்க பேர் மேல போயிடுச்சு சார், ஒரு நிமிஷம் என்றாள். நீலத் திரைக்குத் திரும்பி, ஒவ்வொரு பெயராக வரியோடு அழிக்க ஆரம்பித்தாள். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு வரி போகும். இணைச் செயலாளர் போனார். இயக்குநர் போனார். மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் பெயர் திரையிலிருந்து மறைவதை வரிசையாகப் பார்த்தார்கள். ஏப்ரல் முழுவதும் எந்த இருவருக்காகப் போயிற்றோ அந்த இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். நீரஜா, ராஜரத்தினம், பந்தல்காரர். கடைசியில் மிஞ்சியது இரண்டே வரி. ஓட்டிக் காட்டினாள். அவருக்கு ஒரு வணக்கம், உலகத்துக்கு ஒரு வணக்கம்.

ஹால் அதிர்ந்தது. கூடுதல் செயலாளர் முகம் மலர்ந்து, இந்தப் பெண் எவ்வளவு நாளாகப் படிக்கிறாள் என்று கேட்டார். இயக்குநர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, இந்தப் பெண் நேற்றுவரை ஒன்றும் தெரியாதவர். திங்கள்தோறும் கையெழுத்திட்ட ஆவணம் எங்களிடம் இருக்கிறது. எங்கள் நூல் மேடைக்கு வந்த அரை மணி நேரத்தில், அதைத் திறக்காமலேயே, இவ்வளவு கற்றுக்கொண்டார் என்றால் இந்த நூலின் ஆற்றலை என்னவென்று சொல்வது?"

மறுநாள் காலை ஜெனிதா ஸ்பெஷல் பரீட்சை எழுதப் பேனாவோடு வந்தாள். நீரஜா நிலைமையை விளக்கினார். பரீட்சை எழுதப் பதிவேட்டில் மாணவராக இருக்க வேண்டும். ஜனவரியிலேயே பெயர் நீக்கமாகிவிட்டது. புதிதாகச் சேர்க்கை ஜூலையில். தொடக்கநிலையாளர் பதவியும், பகிரங்கமாக அறிவு வெளிப்பட்டுவிட்டதால், நேற்றோடு முடிந்தது. ஜெனிதா இயக்குநர் அறைக் கதவைத் தட்டினாள். அவர் கூட்டத்தில் இருக்கிறார் என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் அழிந்த வரியை அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அவளுக்குச் சேர வேண்டியது ஒரு பணிச் சான்றிதழ் மட்டும். படிவத்தில் இருக்கும் வாசகத்தில் பதவியை நிரப்பி நான் டைப் அடித்தேன். 'செல்வி ஜெனிதா, 1996 நவம்பர் முதல் 1997 மே வரை இம்மையத்தில் ஒன்றும் தெரியாதவராகத் திருப்திகரமாகப் பணியாற்றினார்.'

ஜெனிதா இரண்டு தடவை படித்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "சீல் போடலியா சார்?" என்றாள். போட்டுக் கொடுத்தேன். பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரு.வி.க. பாலத்துப் பக்கம் பஸ் பிடிக்கப் போனாள்.

ஜூன் முதல் திங்கள் பதினோரு மணிக்குப் போன் வந்தது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து உமர் ஃபாரூக். சான்றிதழ் பற்றி யார் விசாரித்தாலும் நீரஜாவுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நீரஜா பக்கத்து அறையில்தான் இருந்தார். பதிவேட்டின்படி என்று ஆரம்பித்து என்ன சொல்லுவார் என்று எனக்கு மனப்பாடம்.

"இன்னா சார் இது, திருப்திகரமா ஒண்ணும் தெரியாதவங்கன்னு சீல் குத்தி அனுப்பியிருக்கீங்க. இந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்துகினு எனக்குத் தெரியும்ங்குது. தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

நான் இணைப்புக் கொடுக்கிற பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

"தெரியும் சார். எங்க மையத்துல சி தெரிஞ்சது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

அவர் பட்டறைச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அப்ப நீங்கள்லாம் அங்க இன்னா பண்ணிகினு இருக்கீங்க?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, எழுதிய வார்த்தையை வாயால் சொன்னேன்.

"விரிவா விவாதிச்சுக்கிட்டிருக்கோம் சார்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் திரும்பி, எழுந்து போய் மிஷினை ஆன் பண்ணும்மா என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியும்.